தாய்மாமன் சீரில் வந்த இன்ஜின்

இன்ஜினை வேனுக்குள் இறக்கிய அன்று அவனியாபுரம் ஒர்க்‌ஷாப்பில் அப்பா, தாய்மாமன், சித்தப்பா, மெக்கானிக் அண்ணன், நான் எல்லாரும் இருந்தோம். அந்த வேனை வாங்க மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்த அம்மா இல்லை. தினமும் காலையில் திருப்பரங்குன்றத்திலிருந்து டி. கல்லுப்பட்டிக்கு அதில் வேலைக்குப் போகும் எட்டு டீச்சர்களும் இல்லை. கடனைக் கட்டுகிறவரையும் வேனில் உட்காருகிறவர்களையும் விட்டுவிட்டு, கருத்துச் சொல்லத் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டிருந்தோம். எலுமிச்சம்பழம் கூட இரண்டு டஜன் வந்திருந்தது.

அது மூக்கில்லாத, தட்டை முகம் வைத்த பழைய பெட்ரோல் வேன். இப்போது செல்போனில் இந்த வகை வேனுக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. துடைத்துப் பளபளப்பாக்கிய வண்டியின் படத்தைப் போட்டு, "அந்தக் காலத்து வண்டிக்கு உயிர் இருந்தது" என்று எழுதுகிறார்கள். கீழே நூறு பேர் அழுகிறார்கள். எனக்கும் அந்த வேனைப் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. பக்கக் கதவை இழுத்துச் சாத்தும்போது வரும் கனத்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆனால் உயிர் இருந்தது என்று எழுதுகிறவர்கள், அந்த உயிருக்குப் பெட்ரோல் ஊற்றியவர்களாக இருக்க முடியாது. எங்கள் வேன் குடித்த குடிக்கு, டீச்சர்கள் கொடுத்த மாத வாடகையில் குழுக் கடனுக்குப் போக மிஞ்சியது வீட்டு மளிகைக்கே பற்றவில்லை. டீசல் இன்ஜின் மாற்றியே ஆகவேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். அந்த முடிவில் தப்பில்லை. பாதி மதுரை அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தது.

தப்பு, என் தங்கச்சியின் சடங்கன்று பேண்டு வாத்தியத்தோடு வந்தது.

மாமா ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். அங்கே புது ஜெனரேட்டர் வாங்கியதும் பழையதைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதன் டீசல் இன்ஜினை மட்டும் கழற்றி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு, குட்டியானை வண்டியில் ஏற்றித் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்தார். முன்னால் வளையல் தட்டும் பட்டுப்புடவைத் தட்டும் தலையில் ஏந்திய பெண்கள். அதற்குப் பின்னால் கிடாய். கிடாய்க்குப் பின்னால் இன்ஜின். தெருவே வாசலுக்கு வந்தது. "சடங்குக்குப் பம்புசெட்டு வைக்கிறது எந்த ஊரு வழக்கம்ப்பா" என்று பந்தலில் யாரோ கேட்டார்.

மாமா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "மாப்ள, இது ஓடுன மண்டபத்துல ஒரு தாலி கூட இருட்டுல ஏறுனதில்ல. அம்புட்டு ராசி. இத உன் வேன்ல மாட்டு, அப்பறம் பாரு."

அப்பா என்னைப் பார்த்தார். "படிச்ச புள்ள, நீ சொல்லுடா."

நான் அப்போது பி.காம் இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் என்பதால் கரண்ட் பில், மாத்திரை அட்டை, வில்லங்கச் சான்று எல்லாம் என் கைக்குத்தான் வரும். இன்ஜினும் வந்தது. மாலையை விலக்கி, அதில் அடித்திருந்த தகட்டைப் படித்தேன். "ஜெனரேட்டருக்குன்னு செஞ்சதுப்பா. ஒரே வேகத்துலதான் சுத்தும்னு போட்டிருக்கு."

"நல்லதாப் போச்சு" என்றார் சித்தப்பா. "அண்ணன் வண்டிய வெரட்டுறாருன்னு அண்ணி தெனமும் பொலம்புறாகள்ல."

பிறகு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணனும் தன்னால் ஆனதைச் சொன்னார். "மாட்டிரலாம்ணே. ஆனா ரோடு காலியா இருந்தாலும் அதே வேகம், கூட்டமா இருந்தாலும் அதே வேகம்."

"மனுசன் அப்படி இருந்தா சாமியாருன்னு கும்புடுறோம். வண்டி இருந்தா என்னய்யா" என்றார் மாமா.

வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கும் வழியில்லை. தாய்மாமன் ஊரைக் கூட்டிக் கொண்டுவந்த சீரைத் திருப்பி அனுப்பினால், இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. வெண்கலப் பானையாக இருந்தால் பரணில் போட்டு மறக்கலாம். இது இன்ஜின். ஓட வேண்டும். ஓடுவதை மாமா பார்க்கவும் வேண்டும். வேனிலிருந்து கழற்றிய பெட்ரோல் இன்ஜினைச் சித்தப்பா அன்றைக்கே யாருக்கோ விற்றுவிட்டார். குடும்பத்திலேயே வேகமாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

வேன் ஓடியது. டாப் கியரில் போட்டாலும் முப்பத்தைந்தைத் தாண்டாது. மெக்கானிக் அண்ணன் எதையோ திருகிப் பார்த்தார். வேகம் கூடவில்லை, சத்தம் கூடியது. திருமங்கலம் தாண்டினால் டவுன் பஸ் முந்தும், பிறகு ஷேர் ஆட்டோ முந்தும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு முந்தும். டிராக்டர்காரர் அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனதை நானே பார்த்தேன். இன்ஜின் பெரிது என்பதால் முன்சீட்டுகளுக்கு நடுவில் ஒரு கல்லறை மாதிரித் தகரப் பெட்டி கட்டி மூடியிருந்தோம். அதன் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சருக்குக் கால் வெந்தது. வேனிலேயே நோட்டுத் திருத்தும் கணக்கு டீச்சர் போட்ட சரி எல்லாம் தப்பு மாதிரி நெளிந்தது.

அதையெல்லாம் பொறுத்தார்கள். பிரேயர் மணி அடித்த பிறகு போய் நிற்பதைப் பொறுக்க முடியவில்லை. அவர்களுடைய பள்ளியில் மூன்று நாள் தாமதமானால் அரை நாள் லீவு போய்விடும்.

"அரை மணி நேரம் முன்னாடி கெளம்பலாம் டீச்சர்" என்றார் அப்பா.

"எங்க வீட்ல சமையல யாருண்ணே செய்வா, உங்க இன்ஜினா?" என்றார் கணக்கு டீச்சர். மற்றவர்கள் சிரிக்கவில்லை. "அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்குறோம். லீவு முடிஞ்சு வர்றப்பவும் இதே கதைன்னா, வேற வேன் பேசி வச்சிருக்கோம்ணே. தப்பா நெனைக்காதீங்க."

அந்த ஒரு டிரிப்பை வைத்துத்தான் குழுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. டிரிப் போனால் வாரா வாரம் குழுவில் தலைகுனிந்து உட்கார வேண்டியவர் அம்மா. அப்பாவோ மைலேஜ் பேசினார். "லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்குது தெரியுமா?"

"ஆளே ஏறலைன்னா இன்னும் நெறையக் குடுக்கும்" என்றார் அம்மா.

பரீட்சை தொடங்கிய வாரம் வரை ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். மச்சானிடம் யார் சொல்வது என்பதே பேச்சு. மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று சித்தப்பா மூன்று விதமாக நடித்துக் காட்டினார். நாலாவது நடிப்பு தொடங்கும்போது அம்மா என்னை பைக்கை எடுக்கச் சொல்லி நேராக மண்டபத்துக்குப் போய்விட்டார்.

மாமா காபி வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது. "அண்ணன் வச்ச சீரக் கழட்டித் தெருவுல வைக்கப் போறியா, தாயி?"

"தெருவுல எதுக்குண்ணே. வீட்டுலதான் வைப்போம். டிரிப்பு போச்சுன்னா என் குடும்பம்தான் தெருவுல நிக்கும்."

"பாக்குறவுக என்ன கேப்பாக? அவன் சீரு ஆறு மாசம் தாங்கலன்னு கேக்க மாட்டாகளா?"

"டீச்சருக பள்ளிக்கூடத்துல இப்பவே கேக்குறாகண்ணே."

மாமா காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு மேனேஜர் ஆனார். "தையில எம் மகளுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். அத்தை சீரு நீதான் செய்யணும். என் சீருக்குக் கொறையாமச் செஞ்சிட்டா எவன் வாயும் தெறக்காது. அப்பறம் அந்த இன்ஜின நீ என்ன வேணாச் செய்யி."

"அது எடைக்குப் போனா எம்புட்டுண்ணே வரும்?"

"சீர எடையில போட்டா பாப்பாக? மண்டபத்துல இப்ப வாங்குன புது ஜெனரேட்டர் வெலையப் பாரு. அதுதான் அதுக்கு மதிப்பு."

இந்தக் கணக்கு எந்த வணிகவியல் பாடத்திலும் கிடையாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்காலைக் கிள்ளினார். "சரிண்ணே" என்றார். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவே இல்லை.

லீவிலேயே ஒரு பழைய காரின் டீசல் இன்ஜின் வாங்கி மாட்டினோம். இந்த முறை ஒர்க்‌ஷாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அம்மா. பள்ளி திறந்த அன்று வேன் பிரேயருக்கு முன்னால் போய் நின்றது. டிரிப் தங்கியது. தையில் பேண்டு செட்டோடு மாமா வீட்டுக்குத் தட்டு எடுத்துப் போனோம். மாமா வாசலில் நின்று சிரித்த முகத்தோடு ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்து வாங்கினார்.

பைசா செலவில்லாமல் வந்த இன்ஜின் அது. அதைக் கழற்றி வைக்க, வேறு இன்ஜினும் கூலியும் அத்தை சீரில் வைத்த தங்கமும் கிடாயும் பேண்டு செட்டும் சேர்த்து எங்களுக்கு ஆனது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.