ஊர்ஸின் கிற்றாரை நிறுத்திய கடிதம்

எங்கள் அடுக்குமாடியின் ஒழுங்கு விதிகள், பத்தி ஏழு: அயலவர்மீது முறைப்பாடு உள்ளவர் முதலில் அவரது கதவைத் தட்டிப் பேச வேண்டும். பயனில்லை என்றால் மட்டுமே, பெயரும் கையொப்பமும் இட்டு நிர்வாகத்துக்கு எழுதலாம்.

நான் கதவைத் தட்டவில்லை. பெயரும் இடவில்லை. ஊர்ஸின் இசையை நிறுத்தியவன் நான்தான்!

ஊர்ஸ் கீழ்மாடியில் இருந்த சுவிஸ்காரர். கறுப்பின அடிமைகளின் துயரில் பிறந்த ப்ளூஸ் இசையை நாற்பது ஆண்டுகளாகப் பாடியவர். சூரிச்சின் மதுச்சாலைகள், ஜெர்மனியின் சிற்றூர் விழாக்கள், பிரான்சில் பாதி நிரம்பிய மண்டபங்கள்... பெரும் புகழ் வரவில்லை, ஆனாலும் ஓயவில்லை. கடைசியாக ஓர் இசைத்தட்டு வெளியிட வேண்டுமென்று, பிற்பகல்களில் நிலவறையில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

சத்தமா தொந்தரவு? மகள் அப்போதே கேட்டாள்: "அப்பா, கோயில் திருவிழாவில மேளத்துக்குப் பக்கத்தில இருந்து நித்திரை கொள்ளுற ஆள் நீங்கள். இது மட்டும் காதைக் குத்துதோ?"

குத்தியது காதை அல்ல. ஒருநாளும் ஊரைவிட்டு ஓடாத மனிதர், வதிவிட அனுமதிக்காக எந்த வரிசையிலும் நிற்காத மனிதர், வீடிழந்தவனின் துயரத்தைப் பாடிக் கைதட்டல் வாங்குகிறார்! நானோ அதை அகதி விண்ணப்பத்தில், கொடுத்த கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டவன். அவர் குரலில் பொய் இல்லை... அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லையோ?

எழுதினேன். அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற கை அல்லவா? விதி இலக்கங்களோடு, ஒரு பிழையும் இல்லாமல். கையொப்பம் இல்லாதபோதும் நிர்வாகம் அதை ஏற்று, நிலவறையைக் காலிசெய்யும்படி அவருக்கு அறிவித்தது.

அந்த அறிவித்தலோடு அவர் வந்து என் கதவைத் தட்டினார். ஆம், தட்டினார்!

"நாதன், இந்தக் கட்டடத்தில சட்டம் தெரிஞ்ச ஆள் நீங்கள்தான். எனக்கொரு மறுப்புக் கடிதம் எழுதித் தருவீங்களோ?" என்று தன் மொழியில் கேட்டார்.

"ஆர் முறைப்பாடு செய்ததாம்?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"பேர் போடேல்லை. ஆனா நல்லாப் படிச்ச ஆள்" என்று சிரித்தார்.

எழுதிக் கொடுத்தேன். அவர் தந்த வாடகை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், அவரே கவனிக்காத ஒரு வரி இருந்தது: நிலவறையில் இசைப்பயிற்சிக்கு அனுமதி உண்டு. அது போதும், அவர் வென்றிருப்பார். கண்டேன்... சேர்க்கவில்லை. மூன்று பக்கங்கள் அழகாக எழுதி, அந்த ஒரு வரியை மட்டும் விட்டேன்.

மறுப்பு நிராகரிக்கப்பட்டது. இசைத்தட்டு நின்றுபோனது. ஊர்ஸ் வீட்டையும் விட்டுவிட்டு, மலைக்கு அப்பால் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதியது என்ன தெரியுமா? "நலமாக இருக்கிறீர்களா?" அவ்வளவுதான்... கோழை!

பல மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. "கிற்றாரை இப்போது தொடுவதில்லை. எனக்காக எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். மறக்கமாட்டேன்."

அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் பொதுச் சலவை அறையில், எந்த வீட்டார் எந்த நாளில் துவைப்பது என்று குறித்த முறைப் பட்டியலில், இன்னமும் அவர் பெயர் அழிக்கப்படாமல் இருக்கும் நாள்.