வீடில்லை என்று சொல்லத் தெரியாதவன்

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில், திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் பின்சுவர் ஒரு மத்தியானம் சரிந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. சத்தம் கேட்டதும் நான் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். என் மனைவி ரேஷன் கார்டையும் கேஸ் அடுப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். எங்கள் இருவரில் விவரமான ஆள் யார் என்று பல வருடமாக நடந்துவந்த வழக்கு அன்றைக்குத் தீர்ந்தது.

மிச்சச் சுவர்களும் நிற்காது என்று மாநகராட்சியிலிருந்து வந்து சீல் வைத்தார்கள். வீட்டுக்காரர் இடத்தையே விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். ஆறு குடும்பங்களும் பக்கத்துச் சமுதாயக் கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். கல்யாணத்துக்குப் பந்தி போடுகிற கூடம். குறுக்கே கயிறு கட்டி, சேலை போட்டு, ஆளுக்கொரு அறை பிரித்துக்கொண்டோம். எங்கள் சுவர் பச்சைச் சுங்குடி.

நான் வேலை பார்ப்பது டைல்ஸ் கடையில். 'ஹாலுக்கு வெளிர் கலர் போடுங்க சார், வீடு பெருசாத் தெரியும்' என்று பகலெல்லாம் ஊருக்கு யோசனை சொல்லிவிட்டு, சாயங்காலம் சேலையை விலக்கிக் குனிந்து உள்ளே நுழைவேன். கடையில் மூச்சு விடவில்லை. மச்சினன் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். என் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

இந்த நிலையில்தான், ஊருக்கு வெளியே அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடிழந்தவர்களுக்கு இடம் ஒதுக்குவதாகத் தகவல் வந்தது. எங்கேயும் சொந்த வீடு இருக்கக் கூடாது, தங்குவதற்கு வேறு வழியும் இருக்கக் கூடாது. நேரில் வந்து விசாரித்துத்தான் பட்டியல் போடுவார்கள். படித்தவன் என்ற பட்டம் எனக்கு இருந்ததால் ஆறு குடும்பத்துக்கும் நானே மனு எழுதினேன். மற்ற ஐந்து பேருக்கும் நாலு நாலு வரி. எனக்கு மட்டும் இரண்டு பக்கம். அதில் மழையைப் பற்றியே ஒரு பத்தி. எல்லாம் இருந்தது, வீடு இல்லை என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் அம்மா வருகிறார் என்றதும் என் மனைவி விடியும் முன்பே எழுந்து எங்கள் பகுதித் தரையைத் தேய்த்துக் கழுவினாள். கோலம் போட்டாள். டீக்கடையில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கினாள். நான் என் பங்குக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, புத்தகங்களை அட்டைப் பெட்டி மேல் வரிசையாக நிறுத்திவைத்தேன். அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் இஞ்சி டீ வந்தது.

"ரொம்பச் சிரமமா இருக்குமே சார்?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம். நல்லா இருக்கோம். நீங்க சாப்பிட்டீங்களா?"

"போயித் தங்கிக்கிற மாதிரி சொந்தக்காரங்க யாரும்?"

"எம்புட்டோ பேரு வாங்க வாங்கன்னுதான் கூப்பிடுறாக," என்றாள் என் மனைவி, தலையை நிமிர்த்தி. "நாங்கதான் போகல."

அவர் எழுதிக்கொண்டார். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த சேலையை விலக்கினார். அங்கே இருந்தது, பேருந்து நிலையத்து வாசலில் பூக்கட்டி விற்கிற சேவுகம்பட்டிக்காரம்மா. பாத்திரமெல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது, பாய் இன்னும் ஈரம். அவர் எழுந்துகூட நிற்கவில்லை. "வீடு இல்லம்மா. இந்தா பாத்துக்கங்க, இம்புட்டுத்தான் எங்க குடித்தனம்" என்றார். விசாரணை முடிந்தது.

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து குடும்பத்தின் பெயர் இருந்தது. எங்கள் பெயர் தனியாக, கீழே. எதிரே 'மாற்று இருப்பிட வசதி உள்ளவர்' என்று போட்டிருந்தது. எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று மூன்று தரம் படித்தேன். பிழை எழுத்தில் இல்லை.

பூக்காரம்மா கேட்டதும் சிரித்தார் பாருங்கள், கூடமே அதிர்ந்தது.

"ஏண்ணே, வந்தது வீடு குடுக்கிற ஆபீசரா, இல்ல பொண்ணு பாக்க வந்த மாப்ள வீடா? கேசரிதான் கிண்டல நீங்க!"

"வந்தவுகள நிக்க வச்சா அனுப்ப முடியும்?" என்று என் மனைவி முனகினாள்.

"நல்லா உக்கார வச்சு அனுப்புனீக மதினி. இப்ப நீங்க எங்க உக்காருவீக?"

சிரிப்பு அத்துடன் நின்றது. தை முதல் முகூர்த்தத்துக்குக் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். மற்ற ஐந்து வீடும் சாமான் கட்டத் தொடங்கியிருந்தன. எங்களுக்குப் போக இடமில்லை. இல்லாத மச்சினன் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பூ வியாபாரத்தை விட்டுவிட்டுப் பூக்காரம்மாவும் வந்தார். வராந்தாவில் உட்கார்ந்து புது மனு எழுதினோம். எழுதியவன் நான், சொன்னவர் அவர். "வீடு இல்லைன்னு போடுங்கண்ணே. மழையெல்லாம் வேணாம்." நாலு வரியில் முடித்துவிட்டார். மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது.

விசாரணை அன்று காலையில் எதையும் தொடக்கூடாது என்று எங்களுக்குப் பூக்காரம்மாவின் கண்டிப்பான தடை. காவலுக்குப் பூக்கூடையோடு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். "அடுப்பப் பத்த வச்சீக, நடக்கிறதே வேற மதினி." என் மனைவி கை பரபரக்கச் சேலை ஓரத்தில் நின்றாள். யாருக்கும் தெரியாமல் ஒரு மூலையை மட்டும் கூட்டியிருந்தாள்.

அதே ஆய்வாளர் அம்மா வந்தார். நாற்காலி இல்லை. நின்றபடி கேட்டார்.

"சொல்லுங்க சார்."

ஆயிரம் பக்கம் படித்தவனுக்கு இரண்டு வார்த்தை வரவில்லை. பூக்காரம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"வீடு... இல்லைங்க மேடம்."

சுவர் விழுந்தபோது அழாத என் மனைவி அப்போது அழுதாள். பச்சைச் சுங்குடிக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தரையில் எங்கள் பாயில் உட்கார்ந்தார். "போன தடவ நீங்க சொன்னதத்தான் சார் நான் எழுதுனேன்" என்றார், குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. தலை குனிந்து ஏதோ எழுதினார். பிறகு நிமிர்ந்து, "ஆமா, அந்த இஞ்சி டீ இன்னைக்கு இல்லையா?" என்று கேட்டார்.

"மொதல்ல எழுதி முடிங்கம்மா," என்றார் பூக்காரம்மா, "நானே போட்டுத் தாரேன்."

இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறோம். டைல்ஸ் கிடையாது, சிமென்ட் தரைதான். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை. கீழ்மாடியில் பூக்காரம்மா. கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் உள்ளே வராது. சில காலைகளில் அதுதான் என்னவோ போல் இருக்கிறது. அந்தக் கூடத்தில் வெயில் சுங்குடி வழியாகப் பச்சையாக இறங்கும். ஆறு வீட்டுத் தாளிப்பும் ஒன்றாகக் கமழும். யாராவது தும்மினால் ஐந்து தடுப்புக்கு அப்பாலிருந்து 'நூறு' என்று குரல் வரும்.

இன்றைக்கும் யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால், என் வாய் தன் போக்கில் 'நல்லா இருக்கோங்க' என்றுதான் சொல்கிறது. அதே பதிலை இன்னொருவர் எனக்குச் சொல்லும்போது மட்டும், நான் அதை உடனே நம்பிவிட்டு எழுந்து போவதில்லை. இன்னும் சற்று நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.