ஓ.டி.யும் ஓ.டி.பி.யும்

எங்கள் வீட்டில் ஓ.டி. என்ற சொல்லுக்குத் தனி மரியாதை இருந்தது. "இன்னிக்கு ஓ.டி. கீது" என்று கணவர் சொல்லிவிட்டால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். அந்த ஓவர்டைம் பணம் மகளுக்கானது. அவள் கோவில்பட்டியில் என் அம்மாவிடம் வளர்கிறாள். நாங்கள் இருவரும் ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறோம். இந்த ஒற்றை அறையை விட்டுக் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து, அவளை அழைத்துவந்து இங்கேயே பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் அவருடைய ஓ.டி.

ஆனால் மனிதருக்கு ஆன்லைன் பைத்தியம். விரல் சும்மா இருந்தால் ஆர்டர் போட்டுவிடும். ஹெட்செட், வாட்ச், பைக்குக்கு நீல லைட். கேட்டால் "ஆஃபர்ல வந்துச்சு" என்பார். எல்லாம் மாதத் தவணை. ஒருநாள் சண்டை முற்றி, மகள்மேல் சத்தியம் செய்து நிறுத்தினார். நானும் நம்பினேன். தினம் சந்தேகப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டியிருந்தேன். பார்சல்காரர் வந்தார். இவர் பெயரில் ஷூ. நாள் முழுக்கக் கம்பெனி சேஃப்டி ஷூவில் நிற்பவருக்கு எதற்கு இன்னொரு ஷூ? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, ஓ.டி.பி. சொல்லுங்க."

அந்த நம்பர் இவர் போனுக்குத்தான் வரும். இவரோ ஓ.டி.யில். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எடுக்கமாட்டார், பார்சல் வந்த வழியே திரும்பட்டும் என்றுதான் போன் போட்டேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்தார். "ஓ.டி.பி. தானே?" என்று நம்பரை மடமடவென்று சொன்னார். நான் அதை அப்படியே பார்சல்காரரிடம் சொன்னேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. போன் லாக்கரில் இல்லை. இவர் லைனில் இல்லை.

வழக்கமான நேரத்துக்கு வந்து "செம டயர்டு" என்றார்.

"ஏங்க, ஓ.டி.ய எப்ப நிப்பாட்டுனாங்க?"

ஷூ டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது நின்னு ரொம்ப நாளாவுது. சீக்கிரம் வூட்டுக்கு வந்தா நீ இன்னா ஏதுன்னு கேப்ப. அதான் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைல குந்திகினு இருந்தேன்."

"என்ன செஞ்சுக்கிட்டு?"

"போன் பாத்துகினு."

கத்த நினைத்தேன், முடியவில்லை. வேறொரு பெண் என்றால்கூடச் சண்டை போட்டிருப்பேன். ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து ஷூ பார்க்கிற ஆளிடம் என்ன சண்டை போடுவது? தட்டை எடுத்து வைத்தேன். மகளை இந்த வருடமும் அழைத்துவர முடியாது என்பது மட்டும் புரிந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

ஷூவைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி ஓ.டி. வந்துவிட்டது என்கிறார். எனக்கும் நம்பத்தான் ஆசை. ஆனால் சாயங்காலம் ஆனால் கை தானாக அவர் நம்பரைப் போடுகிறது. ரிங் போய்ப் போய் நின்றுவிட்டால் அப்பாடா என்றிருக்கிறது. கணவர் போனை எடுக்கவில்லை என்று நிம்மதியாகச் சமைக்கப் போகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்று முதல் ரிங்கிலேயே எடுத்தார். "சொல்லுமா" என்றார். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.