அடி மூட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில் புதுவாயல் பக்கம் ஒரு மசாலாக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கப்பலில் வந்த சரக்கு எந்த இனம் என்று சுங்க அதிகாரி அங்கே சோதித்து எழுதினால்தான் வரி போடுவார்கள். கிராம்பு என்றால் வரி அதிகம். வெறும் கிராம்புக் காம்பு என்றால் குறைவு.

ஒருமுறை வந்த சரக்கு முழுவதும் காம்பு என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். மேல் வரிசையில் மட்டும்தான் காம்பு. அடியில் எல்லாம் கிராம்பு. அடுக்கியவன் நான், எனக்குத் தெரியாதா?

அதிகாரி குத்தூசியை என்னிடம் நீட்டினார். "உள்ளேயும் காம்புதானாப்பா?"

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. குத்தூசியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"அவன் வாய தொறந்தா முத்து உதுந்துடும் சார்," என்று முதலாளி சிரித்தார். "டேய், இன்னா முழிச்சிக்கினு கீற? மேல் மூட்டைய குத்திக் காட்டு."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அந்தப் பொய்க்குக் கை கொடுக்க மனம் வரவில்லை. குனிந்து அடி மூட்டையில் ஓங்கிக் குத்தினேன். கிராம்பு கொட்டியது.

முதலாளி பாய்ந்து வந்தார். "யார்ரா உன்ன அத குத்தச் சொன்னது?"

"நான்தான்," என்றார் அதிகாரி. "வாசல்லயே சொல்லி வெச்சேன். அவரை ஏன் திட்டுறீங்க?"

அவர் அப்படி எதுவும் சொல்லவேயில்லை.

மறுநாள் முதலாளி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "ஆமா, அவருதான் சொன்னாரு," என்றேன், அவர் முகத்தைப் பார்த்து. வேலை தப்பியது.

பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் எனக்காகச் சொன்ன பொய்யை நானும் சொன்னேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.