அக்குளில் வெங்காயத்தோடு கோர்ட்டுக்குப் போனவன்

எங்கள் குடும்பத்திலேயே மிகச் சின்ன வயதில் கோர்ட் படி ஏறியவன் நான்தான். ஒன்பது வயது. நான் குற்றவாளி இல்லை, சாட்சியும் இல்லை. ஆனாலும் தூக்குத் தண்டனை எனக்குத்தான் என்று உறுதியாக நம்பினேன்.

அப்பாவுக்குக் கனரக எந்திரத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். அம்மா அவரோடு சண்டை போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு வந்துவிட்டாள். மாமாவின் மளிகைக் கடைக்கு மேலே வீடு. பையன் அம்மாவிடம் இருக்கட்டும், ஞாயிறுதோறும் அப்பா அழைத்துப் போகட்டும் என்றது கோர்ட்.

முதல் ஞாயிறு அப்பாவோடு பேத்தமங்களா ஏரிக்குப் போய்வந்தேன். அடுத்த மூன்று ஞாயிறும் கக்கூஸில் ஒன்று, பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒன்று, போர்வைக்குள் ஒன்று என்று ஒளிந்துகொண்டேன். எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தி மதியம்வரை நின்ற அப்பா, கடைசியில் மனுப் போட்டார். பையனையே கேட்டுப் பார்க்கிறேன் என்றார் நீதிபதி.

"வரமாட்டேன்னு மட்டும் சொல்லுடா. ஞாயித்துக்கெழம தொல்லை அத்தோட வுட்டுது" என்றார் மாமா. "மாமா சொல்லச் சொன்னாருன்னு வாயத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன்."

எதையும் சொல்லாமலே தப்பிக்க நான் வேறு வழி வைத்திருந்தேன். காய்ச்சல்காரப் பையனை யார் விசாரிப்பார்கள்? கடையிலிருந்து பெரிய வெங்காயம் ஒன்றை எடுத்து, இரண்டாக வெட்டி, அக்குளுக்கு ஒரு பாதியாக இடுக்கிக்கொண்டேன்.

"இன்னாடா, கைய ஒட்டிக்கினு பொம்மை மாதிரி வர்ற?"

"குளிருது மாமா." வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நீதிபதி ஒரு அம்மையார். தன் அறையில் என்னை மட்டும் உட்காரவைத்தார். நான் முந்திக்கொண்டு, "காய்ச்சல் மேடம்" என்றேன். தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து இரண்டு கைகளாலும் தலையை மூடினேன். பாதி வெங்காயம் சட்டையிலிருந்து நழுவி, அவர் மேசையில் உருண்டு, என் கேஸ் கட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது.

அவர் அதை எடுத்து ஓரமாக வைத்தார். "யார் சொல்லிக் கொடுத்தது? அம்மாவா? மாமாவா?"

மாமா கண்முன் வந்தார். உரியப்போகும் தோலும் வந்தது. பயத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"அப்பா மேடம்."

"அப்பாவா?"

"சின்ன வயசுல இஸ்கூலுக்கு மட்டம் போட அவரு இப்பிடித்தான் வெச்சிக்குவாராம். ஆனா காய்ச்சலே வராதாம், நாத்தம்தான் வருமாம்." சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

"இவ்வளவு நல்ல அப்பாகிட்ட ஏன் போகமாட்டேங்கிற?"

மாமா சொல்லிக்கொடுத்த 'வரமாட்டேன்' இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"அம்மா சாப்புடாது மேடம். அன்னிக்கி நான் போனப்ப நின்ன எடத்துலயே, சாயங்காலம் வர்றப்பவும் நின்னுக்கினு இருந்திச்சி. சோறு அப்பிடியே இருந்திச்சி."

அவர் எழுதத் தொடங்கினார். எழுத எழுத, வெங்காயத்துக்குத் தூக்கா ஜெயிலா, ஜெயிலில் பரீட்சை உண்டா என்றெல்லாம் யோசித்தேன். பிறகு அப்பாவையும் அம்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, என்னை வெளியே அனுப்பினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வரும்போது அப்பா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். வெங்காய நெடி இன்னும் போகவில்லை போல என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும், அம்மா என்னை எதிரே உட்காரவைத்துத் தட்டில் நாலு இட்லி போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பிட்டு, என்னைப் பார்த்தபடியே தின்றாள். காலித் தட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"பாத்துக்கினியா? சாப்ட்டேன். போய்ட்டு வா."

நாலு இட்லிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்திருந்தாள். சட்னி காரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, குதித்து இறங்கி ஸ்கூட்டரில் ஏறினேன்.