கேட்கத் தெரியாதவர்

டோக்கன்காரர் காலையில் வந்ததும் வராததுமாகத் தம் கடையில் தாமே ஒரு முறை சரக்கு வாங்குவார். கடை என்றால் கணினிக்குள் இருக்கும் கடை. கார்டு எண்ணை மனப்பாடமாகத் தட்டி, இருப்பதிலேயே குறைந்த தொகையைக் கட்டுவார். திரையில் பச்சை டிக் விழுந்ததும், "போயிருச்சு, வந்துருச்சு" என்பார். போனது அவர் பணம், வந்ததும் அவருக்கே. நடுவில் கமிஷன் மட்டும் கழிந்துவிடும். அதைச் சொல்லிக் கேலி செய்தால், "கடை தொறந்திருக்குதான்னு பாக்க வேணாமா சார்?" என்பார்.

மாடியில் ஓர் அறையை நாங்கள் இருவரும் பங்கு போட்டிருக்கிறோம். எனக்குப் புத்தகங்களில் பிழை திருத்தும் வேலை, ஜன்னலோர மேசை. அவருக்குச் சுவரைப் பார்த்த மேசை. ஜன்னல் பக்கம் வேண்டுமா என்று நான் கேட்டதில்லை, வேண்டும் என்று அவரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கொடுக்கும் மென்பொருளை எழுதி விற்கிறார். வருகிறவர் பெயரைத் தட்டினால் சீட்டு வரும். முறை வந்ததும் கூடத்து டிவியில் எண்ணும் பெயரும் தோன்றும். ஒரு பெண் குரல் எழுதியதை அப்படியே படித்து உள்ளே அழைக்கும். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் டோக்கன்காரர்தான். அறுபத்து நாலு ஆஸ்பத்திரிகளில் அவர் சரக்கு ஓடுகிறது. போன மாதம் வரை ஒன்றில்கூட அவர் கால் வைத்ததில்லை. போனில் பேசுவதெல்லாம் அவர் மனைவி.

மனிதருக்கு ஒன்றைக் கேட்டு வாங்க வராது. கீழ்க்கடைக்காரருக்கு மழை நாளில் கொடுத்த குடை இரண்டு வருடமாகக் கீழ்க்கடையிலேயே தொங்குகிறது. "நம்ம குடைதான். ஆனா எப்படிக் கேக்கிறது?" என்று புதுக் குடை வாங்கினார். அந்தப் புதுக் குடை வெகு நாள் என் வீட்டில் இருந்தது. அதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிகள் கட்ட வேண்டிய வருடச் சந்தா கதையும் இதேதான். "பத்தொம்போது பேரு சும்மாவே ஓட்டிட்டிருக்காங்க. நீங்க கேக்குறீங்களா, நான் கேக்கட்டுமா?" என்று மனைவி பிடித்த பிடியில், இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். மூன்று நிறுவனங்கள், இருபத்தேழு வரிசையில் ஓர் அட்டவணை, மூன்று வார உழைப்பு. கமிஷன் எவ்வளவு, எத்தனை நாளில் பணம் கைக்கு வரும், கூப்பிட்டால் போனை எடுப்பார்களா என்று குடைந்து குடைந்து எழுதினார். முதல் நிறுவனம்தான் மலிவு. இரண்டாவதில் மனிதர்கள் பேசினார்கள். அவர் எடுத்தது மூன்றாவதை, கடைசி வரிசைக்காக. அதில் 'தானே கேட்கும்' என்று எழுதியிருந்தார். கெடு தாண்டினால் மூன்று நினைவூட்டல் மின்னஞ்சல்கள் போகும்; அதற்கும் அசையாவிட்டால் மென்பொருளைப் பூட்டிக் காரணத்தைத் திரையில் போட்டுவிடும்.

"இனிமே நான் கெட்டவன் ஆக வேணாம் சார். மெஷின் பாத்துக்கும்."

திரையில் வர வேண்டிய வாக்கியத்தை என்னிடம் காட்டினார். வளவளவென்று இருந்ததை நான்தான் நறுக்கிக் கொடுத்தேன்: 'கட்டணம் செலுத்தப்படாததால் சேவை நிறுத்தப்பட்டுள்ளது.' இது யார் கண்ணில் படும் என்று கேட்டிருக்கலாம். எனக்கும் அன்று கேட்க வரவில்லை.

போன மாதம் அது பட்டது. நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர், இவருடைய முதல் வாடிக்கையாளர், ஒரு வருடம்கூடக் கெடு தாண்டாதவர். வங்கி அவருடைய கார்டை மாற்றியிருக்கிறது. எந்திரம் பழைய கார்டையே தட்டிக்கொண்டிருந்தது. நினைவூட்டல்கள் மூன்றும் அவர் திறக்காத பழைய முகவரிக்குப் போயின. காலை பதினொரு மணிக்கு, கூடம் நிறைந்திருந்தபோது, 'பதினாலு, மிட்டாய்' என்று ஒரு பூனையின் பெயர் இருந்த இடத்தில், என் வாக்கியம் சிவப்பில் வந்து நின்றது. இருபது நிமிஷம் நின்றது.

போனில் சொல்ல மனமில்லாமல் மனைவி மாடியேறி வந்தார். "டாக்டரம்மா திட்டலங்க. திட்டியிருந்தா தேவல. கிளிக்கூண்டோட ஒரு பெரியவரு எழுந்து போயி, 'கஷ்டம்னா சொல்லும்மா, எங்களால ஆனதப் போட்டுத் தர்றோம்'னு பர்ஸத் தொறந்தாராம்."

டோக்கன்காரர் பூட்டை எடுத்தார். இனி எந்த ஆஸ்பத்திரியையும் பூட்டாதபடி அந்த ஏற்பாட்டையே அணைத்தும் வைத்தார். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அவங்க மேசையில மட்டும் வரும்னு நெனச்சேன் சார். தெனமும் பணம் கட்டிக் கட்டியே பாத்தேன். கட்ட முடியாதவனா ஒரு நாள்கூட உள்ள போய்ப் பாக்கல. வெக்கமா இருக்கு."

மூன்று நாள் பச்சை டிக் விழவில்லை. மன்னிப்புக் கடிதத்தைப் பதினொரு முறை எழுதி, என்னைத் திருத்தித் தரச் சொன்னார். ஏற்கெனவே ஒன்றைத் திருத்திக் கொடுத்த வெட்கம் எனக்கிருந்தது. "நேர்ல போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"மன்னிப்ப எப்படி சார் கேக்கிறது?"

நாலாம் நாள் தூறலில் கிளம்பினோம். அவருடைய குடையை அவர் கேட்காமலே கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாரே தவிர, விரிக்கத் தோன்றவில்லை.

கூடம் நிறைய நாய்கள். கிளிக்கூண்டுப் பெரியவரும் இருந்தார். டோக்கன்காரர் சுவரில் இருந்த டிவியை அண்ணாந்து பார்த்து, "இவ்ளோ பெருசாவா தெரியும்?" என்றார். நேரே உள்ளே போகலாம் என்றேன். கேட்கவில்லை. எல்லாரையும் போல டோக்கன் எந்திரத்தின் முன் நின்றார். பிராணியின் பெயர் கேட்கும் கட்டத்தில் எதையோ வெகு நேரம் தட்டினார். சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நாய் வந்து அவர் கால்சட்டையை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து மணி அடித்தது. டிவியில் எழுத்துகள் வர, பெண் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தது: "எண் பத்தொன்பது. டாக்டர் பாக்கி வைக்கவில்லை, தப்பு டோக்கன்காரன் செய்தது. உள்ளே வரவும்."

ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் திரையை இரண்டாம் முறை படித்தார். யாருடைய எண் என்று எல்லாத் தலைகளும் திரும்பின. டோக்கன்காரர் எழுந்து, மடித்த சீட்டைப் பிரித்து, எல்லாருக்கும் தெரியும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.