பின்வளவில் நான்கு பூவரசுகள்

முப்பது வருடம் புவியியல் படிப்பித்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொல்லும்படியான ஆறு இல்லை என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகளும் அப்படியே கொப்பியில் இறக்கினார்கள். என் வீட்டுப் பின்மதிலை ஒட்டி மாரியில் மட்டும் ஓடும் வெள்ளவாய்க்காலை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. அதுவோ அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டங்களில் விழும் மழையைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கையின் மதகுக்குக் கீழால் வந்து, வயல்வெளியில் இறங்கி, தொண்டைமானாற்று நீரேரியில் போய்க் கலக்கிறது. ஓர் ஆற்றுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பெயர்தான் இல்லை.

இரண்டு மாரிக்கு முன் அது ஓட வழியில்லாமல் தேங்கி, மதகுக்கு மேற்புறத்தில் இருக்கும், நான் அக்கா என்று கூப்பிடும் அயலவரின் வீட்டுக்குள் ஏறியது. அவருடைய கணவர் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடப்பவர். கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சீமெந்துக் கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். நான் போனபோது தண்ணீர் மேற்கல்லைத் தொட்டு நின்றது. அவர் கூரையைப் பார்த்தபடி, “தண்ணி எவ்வளவு பிள்ளை?” என்று கேட்டார். “குறையுது அண்ணை” என்று பொய் சொன்னேன். இனி ஒரு மாரிக்கு இந்த வீட்டுக்குள் தண்ணீர் வரவிடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

வெயில் வந்ததும் அளவுநாடாவோடு வாய்க்கால் வழியே நடந்தேன். மதகடியில் பத்து அடி அகலம். கீழே போகப் போக ஆறு அடி, நான்கு அடி. என் பின்மதிலடியில் இரண்டே அடி. எங்கள் ஊரில் வேலி அடைக்கும்போது ஒரு சாண் வெளியே தள்ளி அரக்கிப் போடுவதை யாரும் களவென்று நினைப்பதில்லை. அயலவன் காணி என்றால் சண்டை வரும். வாய்க்கால் வழக்குப் போடாது.

எதிர்க்கரை வளவுக்காரரிடம்தான் முதலில் போனேன். வேலியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னேன். வகுப்பில் போலக் குரலும் உயர்ந்தது. அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “ரீச்சர், உங்கடை பின்வளவிலை நாலு பூவரசு ஏன் நிரையா நிக்குது எண்டு யோசிச்சனீங்களோ?” என்றார்.

வந்து பார்த்தேன். அந்த மரங்களில்தான் என் உடுப்புக்கொடி கட்டியிருக்கிறது. வருடக்கணக்காகத் துணி காயப்போட்டிருக்கிறேன், ஒருநாளும் யோசிக்கவில்லை. ஒரே நேரில், ஒரே இடைவெளியில் பூவரசு தானாக முளைக்குமா? அவை பழைய வேலிக்குத் தடியாக நட்டு, வேர்விட்டு மரமான கதியால்கள். அங்கிருந்து மதில்வரை அளந்தேன். எட்டு அடி. எட்டும் இரண்டும் பத்து. எதிர்க்கரைக்காரரின் வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கள் வேலியை நகர்த்தியவர் அப்பா. அதைக் கல்மதிலாக்கியவள் நான்.

மறுநாளே மதிலை உடைக்க மேசனைக் கூப்பிட்டேன். கனடாவிலிருந்து மகள் போனில் கத்தினாள்.

“மற்ற வீட்டுக்காரர் முதல்லை எடுக்கட்டும் அம்மா, பிறகு பாப்பம்.”

“நான் எடுக்காமல் மற்றவையிட்டை என்ன வாயாலை கேக்கிறது?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அலவாங்கு மதிலில் விழுந்த சத்தத்துக்கு எதிர்க்கரைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கல் தூக்க இறங்கிவிட்டார். கீழே இருந்த மற்ற வீடுகளுக்கு நான் நடையாய் நடந்தேன். ஒரு வீட்டுக்கு ஏழு தடவை; கடைசியில் அந்த வீட்டு நாயே என்னைக் கண்டு குரைப்பதை விட்டுவிட்டது. மாரி தொடங்குமுன் பத்து அடியும் திரும்பி வந்தது.

மழை விடாமல் மூன்று நாள் கொட்டியது. குடையோடு மதகில் நின்று பார்த்தேன். செம்மண் தண்ணீர் என் பூவரசுகளின் அடியை நனைத்துக்கொண்டு தொண்டைமானாற்றுப் பக்கம் விரைந்தது. அப்படியே அக்கா வீட்டுக்குப் போனேன்.

கட்டில் இன்னும் கல்லின் மேல்தான் இருந்தது. “தண்ணி எவ்வளவு பிள்ளை?” என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

“ஒரு சொட்டும் இல்லை அண்ணை.”

“உப்பிடித்தானே அண்டைக்கும் குறையுதெண்டு சொன்னனீர்.”

கற்களை எடுத்துக் கட்டிலை இறக்கச் சொன்னார். நானும் அக்காவும் ஒவ்வொரு காலாக இறக்கினோம். அவர் நல்ல கையைக் கீழே நீட்டி நிலத்தைத் தடவினார். பிறகு கையை முகத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். விரல்களில் புழுதி ஒட்டியிருந்தது.